டேப்பை விடுங்கள், பெட்டியைத் தட்டையாக்குங்கள்: அட்டையை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் முறை

அட்டைப் பெட்டியை மறுசுழற்சித் தொட்டியில் போடும்போது பலருக்கும் வரும் முதல் சந்தேகம், "ஒட்டியிருக்கிற டேப்பையெல்லாம் உரிக்கணுமா?" என்பதுதான். நகத்தால் சுரண்டிச் சுரண்டி, பாதி டேப் கையோடு வரும், பாதி அட்டையிலேயே நிற்கும், கூடவே அட்டையின் மேல்தோலும் உரிந்து வரும். இவ்வளவு பாடுபட்டவர்களே அந்தப் பெட்டியை மடக்காமல், உள்ளே ஒரு தெர்மாகோல் துண்டோடு அப்படியே தொட்டிக்குள் திணித்துவிட்டுப் போவார்கள். நான்கு துண்டு டேப்பை ஆலை பார்த்துக்கொள்ளும். மடக்காத பெட்டி, நனைந்த அட்டை, எண்ணெய் ஊறிய அட்டை, இந்த மூன்றும்தான் உண்மையான தலைவலி.

ஏன் என்று புரிந்துவிட்டால் விதிகளை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. வண்டி வந்து எடுத்துச் சென்ற பிறகு நம் அட்டை இரண்டு கட்டங்களைத் தாண்ட வேண்டும். முதலாவது, தரம்பிரிக்கும் கூடம். பாட்டில், டப்பா, செய்தித்தாள் எல்லாம் கலந்து வரும் குவியலிலிருந்து அட்டை தனியே பிரிந்து வர வேண்டும். இரண்டாவது, காகித ஆலை. அங்கே அது தண்ணீரில் பிரிந்து கூழாக வேண்டும். வீட்டில் நாம் செய்ய வேண்டிய எல்லா வேலையும் இந்த இரண்டுக்காகத்தான்.

அட்டைக்குள் என்ன இருக்கிறது?

ஒரு பார்சல் பெட்டியின் வெட்டுப்பட்ட ஓரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள், நடுவில் அலை அலையாக நெளிந்த இன்னொரு தாள். இதுதான் நெளி அட்டை. பெட்டி நிமிர்ந்து நிற்கும்போது நெளிவுகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக ஓடும். மேலே அடுக்கும் பளுவைத் தாங்குவதற்காக அப்படிச் செய்கிறார்கள். மூன்று தாளையும் ஒட்டியிருப்பது பெரும்பாலும் சோளம் போன்றவற்றின் மாவிலிருந்து செய்த பசை. தண்ணீரில் ஊறினால் விட்டுவிடும்.

இந்த நெளிவைப் பெட்டிக்காகக் கண்டுபிடிக்கவில்லை என்பது வேடிக்கை. 1856-ல் இங்கிலாந்தில் எட்வர்ட் ஹீலி, எட்வர்ட் ஆலன் என்ற இருவர் நெளித்த தாளுக்குக் காப்புரிமை வாங்கியது உயரமான தொப்பிகளின் உட்புறத்தில் வைப்பதற்கு. 1871-ல் நியூயார்க்கில் ஆல்பர்ட் ஜோன்ஸ் அதைக் கண்ணாடிப் பாட்டில்களையும் விளக்குச் சிம்னிகளையும் சுற்றி வைக்கப் பயன்படுத்தினார். அப்போது ஒரு பக்கம்தான் தாள். மூன்று வருடம் கழித்து ஆலிவர் லாங் இரண்டு பக்கமும் தாள் ஒட்டினார். இன்று உங்கள் வீட்டுக்கு வரும் பார்சலும் அதே அமைப்புதான்.

பற்பசை, மாத்திரை, சோப்பு வரும் மெல்லிய பெட்டிகளில் நெளிவு கிடையாது. ஒரே தடித்த தாள். அதுவும் மறுசுழற்சிக்குப் போகும். பெரும்பாலான ஊர்களில் இரண்டையும் ஒரே தொட்டியில் போடலாம். குழப்பம் வந்தால் பெட்டியின் அடியில் அம்புகளால் ஆன முக்கோணம் இருக்கிறதா என்று தேடுங்கள். அதற்குள் 20 என்று இருந்தால் நெளி அட்டை, 21 என்றால் நெளிவில்லாத அட்டை. கீழே பி.ஏ.பி. என்று காகிதத்தைக் குறிக்கும் ஆங்கில எழுத்துகள் இருக்கும். 81 முதல் 84 வரையான எண்களைக் கண்டால் மட்டும் நின்று யோசியுங்கள். அவை காகிதத்தோடு பிளாஸ்டிக்கோ அலுமினியமோ தகரமோ சேர்த்து ஒட்டிய பொருள்கள். இந்த எண் வரிசையை ஐரோப்பிய ஒன்றியம் 1997-ல் வகுத்தது. எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

அட்டையின் உயிர் அதன் நாரில் இருக்கிறது. மரக்கூழின் நார்கள் ஒன்றிலிருந்து மூன்று மில்லிமீட்டர் நீளம் இருக்கும். ஈரம் போய்க் காயும்போது நார்கள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். வேதியியலில் ஹைட்ரஜன் பிணைப்பு என்பார்கள். பசையே இல்லாமல் காகிதம் காகிதமாக நிற்பது இதனால்தான். தண்ணீர் பட்டால் அந்தப் பிடி தளரும், மறுபடி காய்ந்தால் திரும்பவும் பிடித்துக்கொள்ளும். அட்டையை மறுசுழற்சி செய்ய முடிவதன் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். ஒவ்வொரு சுற்றிலும் நார் கொஞ்சம் குட்டையாகிறது, விறைக்கிறது. ஐந்து முதல் ஏழு சுற்று வரை தாங்கும் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு. அதனால் எங்காவது ஒரு கட்டத்தில் புது நார் சேர்த்தே ஆக வேண்டும்.

தட்டையாக்குவது

சரி, வேலைக்கு வருவோம். முதலில் பெட்டிக்குள் கையை விட்டுப் பாருங்கள். தெர்மாகோல், குமிழ் உறை, காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள், ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலம், எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். குறிப்பாக பேட்டரி ஏதாவது மாட்டிக்கொண்டிருக்கிறதா என்று பாருங்கள். லித்தியம் பேட்டரி ஒன்று வண்டியின் அழுத்தியில் நசுங்கினால் தீப்பற்றும், சுற்றிலும் காய்ந்த அட்டை வேறு. குப்பை வண்டிகளும் தரம்பிரிக்கும் கூடங்களும் எரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

அப்புறம் பெட்டியைக் கவிழ்த்துப் போடுங்கள். அடிப்பக்க டேப்பின் நடுவே, இரண்டு மடல்கள் சந்திக்கும் கோட்டில், கட்டரை ஓடவிடுங்கள். பிளேடை ஒரு சென்டிமீட்டருக்குக் குறைவாக வெளியே எடுத்தால் போதும். டேப் மட்டும் அறுபடும், பிளேடு ஆழமாகப் பாய்ந்து கையைப் பதம் பார்க்காது. இரண்டு ஓரங்களிலும் டேப் மடிந்து பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், அதையும் அறுத்துவிட வேண்டும். பலர் இதை விட்டுவிட்டுப் பெட்டியோடு மல்லுக்கட்டுவார்கள். இனி இரண்டு எதிரெதிர் மூலைகளைப் பிடித்து உள்நோக்கித் தள்ளினால் பெட்டி தானாகப் படுத்துவிடும். டேப்பே இல்லாமல் அடியில் மடல்கள் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொண்டிருக்கும் வகை என்றால், கீழிருந்து நடுப்பகுதியை உள்ளே தள்ளுங்கள், பூட்டு கழன்றுவிடும். ஏறி மிதித்து நசுக்குவதும் ஒரு வழிதான். ஆனால் மிதித்த பெட்டி கோணல்மாணலாகப் பிதுங்கி நிற்கும், தட்டையாகாது.

குளிர்சாதனப் பெட்டி, தொலைக்காட்சி வந்த பெரிய பெட்டிகளுக்கு இது போதாது. நான்கு மூலைகளில் ஒரு மூலையில் மட்டும் உள்பக்கமாக ஒரு பட்டை ஒட்டியோ பின் அடித்தோ இருக்கும். பெட்டியைச் செய்தபோது அந்த இடத்தில்தான் இணைத்திருப்பார்கள். அதை அறுத்துவிட்டால் பெட்டி நீளமான ஒற்றைத் தாளாக விரியும். அப்புறம் தொட்டிக்குள் அடங்கும் அளவுக்கு வெட்டுங்கள். நெளிவு ஓடும் திசையிலேயே வெட்டினால் பிளேடு வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே வெட்டினால் ஒவ்வொரு நெளிவாக அறுக்க வேண்டும், கை வலித்துவிடும். மடிப்பதற்கும் இதே விதிதான்.

இவ்வளவு மெனக்கெடுவது எதற்கு? இடம் மிச்சமாகும் என்பது தெரிந்ததே. மடக்காத பெட்டியில் இருப்பது பெரும்பாலும் காற்று, அதைச் சுமந்துகொண்டு வண்டி ஓட வேண்டியதில்லை. ஆனால் பெரிய காரணம் தரம்பிரிக்கும் கூடத்தில் இருக்கிறது. அங்கே அட்டையைப் பிரிப்பது பெரும்பாலும் சுழலும் தட்டுகள் வரிசை வரிசையாகப் பொருத்திய ஒரு சாய்வு மேடை. தட்டுகளுக்கு இடையே இடைவெளி உண்டு. குவியல் அதன்மேல் போகும்போது பாட்டில், டப்பா, சின்னத் தாள்கள் இடைவெளி வழியே கீழே விழும். அகலமாகவும் விறைப்பாகவும் இருக்கும் அட்டை மட்டும் மேலேயே மிதந்து மறுமுனைக்குப் போய்ச் சேரும். வடிவமும் விறைப்பும்தான் அங்கே அடையாளம்.

மடக்காத பெட்டி அந்த மேடைக்கு வரும்போது தனக்குள் நாலு பாட்டிலையும் ரெண்டு டப்பாவையும் அள்ளிக்கொண்டு வருகிறது. அவையெல்லாம் அட்டையோடு சேர்ந்து போய்விடும். பெட்டிக்குள் பெட்டி, அதற்குள் இன்னொரு பெட்டி என்று அடுக்கிப் போட்டாலும் இதே கதை. எதிர்ப்பக்கம் போய் அட்டையைச் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழித்துப் போடுகிறவர்களும் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் அந்தத் துண்டுகள் தட்டுகளின் இடைவெளியில் விழுந்து கண்ணாடித் தூளோடு கலந்துவிடும். தொட்டிக்குள் அடங்கினால் போதும், அதற்குமேல் வெட்ட வேண்டாம்.

தொட்டியில் நிறைக்கும்போது இறுக்கிச் செருகாதீர்கள். வண்டி தொட்டியைத் தூக்கிக் கவிழ்க்கும்போது அட்டை தன் எடையிலேயே விழ வேண்டும். குறுக்கே வளைத்துத் திணித்த அட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே நிற்கும், அதன் கீழே இருப்பதும் வெளியே வராது. பாதி நிறைந்த தொட்டியோடு அடுத்த முறை வரை காத்திருக்க வேண்டியதுதான்.

முக்கியமான இன்னொன்று: அட்டையைப் பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடாதீர்கள். பை அந்தச் சுழலும் தட்டுகளின் அச்சில் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டியிருக்கும். பார்சலைச் சுற்றி வரும் பிளாஸ்டிக் பட்டையும் அப்படித்தான். டேப்பை உரிக்கச் செலவிடும் நேரத்தை இந்தப் பட்டையை அறுத்து எடுக்கச் செலவிட்டால் புண்ணியமாகப் போகும்.

ஈரம், எண்ணெய்

"ஆலையில் எப்படியும் தண்ணீரில்தானே போடப் போகிறார்கள், மழையில் நனைந்தால் என்ன?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஆலைக்குப் போவதற்கு முன்னால் மேடை இருக்கிறதே. நனைந்த அட்டை துவண்டுவிடும், விறைப்பு போனால் மேலே மிதக்காது, கிழிந்து கீழே விழும். தப்பித்துப் போனாலும், அட்டையை அழுத்திப் பெரிய கட்டுகளாகக் கட்டி நாள்கணக்கில் வைத்திருப்பார்கள். ஈரம் இருந்தால் பூஞ்சை பிடிக்கும், நார் கெடும். தவிர, கட்டுகள் எடைக்கு விற்கப்படுகின்றன. தண்ணீருக்குக் காசு கொடுக்க எந்த ஆலையும் தயாராக இல்லை. ஈ.என். 643 என்ற ஐரோப்பியத் தரவிதிப்படி பழைய காகிதத்தில் பத்து சதவீதத்துக்குமேல் ஈரம் இருக்கக் கூடாது. காகிதத்துக்கு இயல்பாகவே கொஞ்சம் ஈரம் உண்டு என்பதால் இது நாம் நினைப்பதைவிடக் கறாரான எல்லை.

ஆகவே தொட்டியின் மூடி மூடியிருக்கும் அளவுக்கே நிறையுங்கள். நீட்டிக்கொண்டிருக்கும் அட்டை மழை நீரை உறிஞ்சி உள்ளே வரை கொண்டுபோகும். மழை வரும் போலிருந்தால் முந்தின இரவே வெளியே வைக்காமல், காலையில் வண்டி வருவதற்கு முன் வையுங்கள். நனைந்துவிட்டதா? பிரித்துக் காய வைத்து அடுத்த முறை போடுங்கள். அட்டை கொஞ்சம் அலையலையாக நெளிந்து போயிருந்தாலும் பரவாயில்லை. கறுப்பாகப் பூஞ்சை படர்ந்ததைப் போட வேண்டாம். வீட்டில் சேர்த்து வைக்கும்போதும் தரையோடு ஒட்டாத, காய்ந்த இடமாகப் பாருங்கள். நெளிவுக்குள் இருக்கும் இருட்டும் மாவுப்பசையும் கரப்பான்பூச்சிக்கு அரண்மனை மாதிரி.

எண்ணெய் விஷயம் வேறு. ஈரம் காய்ந்துவிடும், எண்ணெய் காயாது. நார்கள் காயும்போது ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் என்றேனே, எண்ணெய் பூசிய நார் அப்படிப் பற்றாது. தண்ணீரில் கரையாமல் கூழ் முழுக்கப் பரவும். கடைசியில் வரும் தாளில் புள்ளிகளாகவும் பலவீனமான திட்டுகளாகவும் தெரியும். பீட்சா வந்த பெட்டிதான் எல்லாரும் கேட்கும் உதாரணம். அதைத் திறந்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடித்தாள் போல ஒளி ஊடுருவும்படித் தெரியும். மேல்மூடி பெரும்பாலும் சுத்தமாக இருக்கும், அதைக் கிழித்து மறுசுழற்சிக்குப் போடலாம். ஊறிய அடிப்பாகம் மக்கும் குப்பைக்குப் போகட்டும், அந்த வசதி இல்லையென்றால் சாதாரணக் குப்பைக்கு. ஒன்றிரண்டு பொட்டுக் கறையை எண்ணிக் கவலைப்பட வேண்டாம். ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கைக் கட்டாயம் தட்டிவிடுங்கள்.

அந்த டேப் என்ன ஆகிறது?

ஆலையில் அட்டை போய் விழும் தொட்டிக்குப் பல்பர் என்று பெயர். அடியில் சுழலும் இறக்கைகளோடு கூடிய ராட்சத மிக்ஸி என்று வைத்துக்கொள்ளலாம். அரைப்பதைவிடக் கலக்குவதுதான் அதன் வேலை. தண்ணீரும் சுழற்சியும் சேர்ந்து நார்களைப் பிரித்துவிடும். பிளாஸ்டிக் பிரியாது, அப்படியே நீளமாக மிதக்கும். பல ஆலைகளில் அந்தத் தொட்டிக்குள் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருப்பார்கள். டேப், நூல், கம்பி எல்லாம் அதில் சுற்றிச் சுற்றி ஒரு தடித்த வடமாகத் திரளும், அதை மெதுவாக மேலே இழுத்து வெட்டிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். மீதியைச் சல்லடைகள் பிடிக்கும். ஸ்டேப்ளர் பின் கனமானது, கூழைச் சுழற்றும்போது தனியே ஒதுங்கிவிடும், காந்தமும் இழுத்துக்கொள்ளும். பின்னைப் பிடுங்கி விரலைக் குத்திக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் கையோடு வருவதை உரித்துவிடுவது நல்லது. பெட்டி முழுக்கச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தால் பெரிய பட்டைகளை எடுத்துவிடுங்கள். உள்ளே இழை ஓடும் வலுவான டேப்பை அவசியம் எடுங்கள். தண்ணீர் தடவி ஒட்டும் காகித டேப்பைத் தொடவே வேண்டாம், அட்டையோடு அதுவும் கூழாகிவிடும். ஸ்டிக்கர்களின் பசை கொஞ்சம் தொல்லை பிடித்தது. அது சின்னச் சின்னப் பிசுக்குகளாகச் சல்லடையைத் தாண்டி, சூடான உருளைகளில் ஒட்டி, ஓடிக்கொண்டிருக்கும் காகிதத்தைக் கிழித்துவிடும். அதைவிட, ரசீதை வைத்துப் பெட்டிமேல் ஒட்டும் பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா, அதைப் பிய்த்து எடுங்கள். உங்கள் பெயரும் முகவரியும் அதில்தான் இருக்கும் என்பதால் இரட்டை லாபம்.

அட்டை போலிருக்கும், ஆனால்...

சில பொருள்களைப் பார்த்தால் அட்டைதான், தொட்டாலும் அட்டைதான். தண்ணீரில் போட்டால் மட்டும் அசையாது. பாலும் பழரசமும் வரும் செவ்வகப் பெட்டியில் முக்கால் பங்கு காகிதம், மீதி பாலித்தீனும் மெல்லிய அலுமினியமும். அதற்கென்று தனி ஆலைகள் உண்டு, சாதாரண அட்டையோடு போனால் பாதி வீண். காபிக் கோப்பையின் உட்புறத்தில் பிளாஸ்டிக் படலம் இருக்கும். உறையவைத்த உணவு வரும் பெட்டியில் பலவற்றுக்கு ஈரம் தாங்கும் பிசின் சேர்த்திருப்பார்கள். தண்ணீரில் பிரியக் கூடாது என்றே செய்ததை ஆலை தண்ணீரில் பிரிக்கப் பார்த்தால் எப்படி? காய்கறி, மீன் வரும் பெட்டிகளில் சிலவற்றுக்கு மெழுகு பூசியிருப்பார்கள்.

கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு மூலையைக் கிழித்துப் பார்ப்பது. வெறும் அட்டை என்றால் கிழிந்த ஓரம் பஞ்சுபோல நார் நாராக இருக்கும். பிளாஸ்டிக் படலம் இருந்தால் ஓரத்தில் மெல்லிய தோல் இழுபட்டு நீளும். மெழுகா என்று தெரிய நகத்தால் கீறுங்கள், வெள்ளையாகச் சுருண்டு வரும். ஈரம் தாங்கும் பிசினை மட்டும் இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, உறைபெட்டியிலிருந்து வந்தது என்றாலே சந்தேகப்பட வேண்டியதுதான். மினுமினுப்புத் தூள் தூவிய பரிசுப் பெட்டி, மூடியில் காந்தம் வைத்த கெட்டிப் பெட்டி போன்றவற்றைக் குப்பைக்கு அனுப்புவதைவிட ஏதாவது போட்டு வைக்க வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். பொதுவாகவே நல்ல நிலையில் உள்ள பெட்டியை இன்னொரு தடவை பயன்படுத்திவிட்டுப் பிறகு தொட்டிக்கு அனுப்புவதுதான் என் கட்சி.

"எதற்கும் போட்டு வைப்போம், அவர்கள் பிரித்துக்கொள்ளட்டும்" என்பது நல்ல மனது, ஆனால் கெட்ட பழக்கம். நாடு விட்டு நாடு விற்கப்பட்ட பழைய காகிதத்தில் ஏறத்தாழ பாதியை ஒரு காலத்தில் சீனா வாங்கிக்கொண்டிருந்தது. கலப்படம் அரை சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாது என்ற விதியை 2018-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது, 2021 முதல் திடக்கழிவு இறக்குமதியையே நிறுத்திவிட்டது. அதன்பின் வாங்குகிறவர்கள் தரத்தில் கறாராகிவிட்டார்கள். அழுக்கான காகிதக் கட்டுகளை விலை குறைத்துக் கேட்பார்கள், இல்லை திருப்பி அனுப்பிவிடுவார்கள். சந்தேகமான ஒரு துண்டைக் குப்பையில் போட்டால் அந்தத் துண்டு மட்டும்தான் நஷ்டம்.

ஊருக்கு ஊர் மாறும் சில விஷயங்கள் உண்டு. தொட்டிக்குள் அடங்காத அட்டையைச் சில இடங்களில் சணல் கயிற்றால் கட்டிப் பக்கத்தில் வைக்கச் சொல்வார்கள், சில இடங்களில் தொட்டிக்கு வெளியே இருப்பதைத் தொடவே மாட்டார்கள். பால் பெட்டியைச் சில ஊர்கள் எடுத்துக்கொள்ளும். முட்டை வரும் கூழ் அட்டையைச் சிலர் அட்டையோடும் சிலர் மக்கும் குப்பையோடும் போடச் சொல்வார்கள். இவற்றுக்கு மட்டும் தொட்டி மூடியில் ஒட்டியிருக்கும் பட்டியலையோ உள்ளூர் நிர்வாகத்தின் இணையதளத்தையோ ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.